தொண்ணூற்றாறு பாடங்களும் ஒரு வயரும்

காக்ஸ் டவுன், பெங்களூரு
2 ஜூலை 2025

கிஷோருக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பயந்திருப்பீர்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. தீபிகா நன்றாக இருக்கிறாள், நானும் இருக்கிறேன். கம்ப்யூட்டர்தான் செத்துவிட்டது.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்க வேண்டாம். உங்களுக்கும் தீபிகாவுக்கும் ஆன விவாகரத்துப் பத்திரத்தில் இருந்தது. அன்று கோர்ட் வாசலில், இனி உங்களுடன் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கத்தில் கோப்பு எழுதியவளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பேசலாம் என்று நினைத்தாலும் இப்போது முடியாது. ஜனவரியில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது, அதோடு குரல் போய்விட்டது. பத்து வாக்கியம் பேசினால் பதினோராவதில் வெறும் காற்றுதான் வருகிறது. திரும்பி வரும் என்கிறார் டாக்டர். எப்போது என்று கேட்டால் மேலே பார்க்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அசெம்பிள் செய்து கொடுத்த அந்தக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் என் கன்னடப் பாடங்கள் இருக்கின்றன. நீங்கள் இங்கே இருந்தபோது பன்னிரண்டுதான் முடிந்திருந்தது, இப்போது தொண்ணூற்றாறு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இறங்குகிற பிள்ளைகள் ஆட்டோக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் மருந்துக்கடையிலும் திருதிருவென்று விழிக்காமல் இருப்பதற்காக நான் பேசிப் பதிவு செய்தவை. எல்லாம் என் பழைய குரலில். நகல் வேறெங்கும் இல்லை. கிளவுடில் போட்டு வை என்று தீபிகா நூறு தடவை சொன்னாள், என் பாடம் என் வீட்டில் இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். புதிதாக ஊருக்கு வருகிறவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அத்தனை பாடங்களையும் அவர்களிடம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இருநூறு பேர் பெயர் பதிந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. அதிலிருந்து பட்டனை அழுத்தினால் விளக்கு இல்லை, விசிறி இல்லை, சத்தமே இல்லை. அதே பிளக்கில் டேபிள் லேம்ப் எரிகிறது. கடையில் கொடுத்தால் முதல் வேலையாக உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. "குப்பையில போடும்மா, லேப்டாப் வாங்கித் தரேன்" என்கிறாள் உங்கள்... என் பெண். அந்தப் பெட்டியின் உள்ளும் புறமும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். என்ன செய்வது என்று எழுதுங்கள். அவள் ஆபீஸ் போனபிறகுதான் தபால் வரும், அதனால் பயமில்லை.

சொர்ணம்


கோயம்புத்தூர்
5 ஜூலை

அன்புள்ள அத்தைக்கு,

அத்தை என்று எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. குரல் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பாடங்களைப் பற்றிப் பதறாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, அதாவது எஸ்எம்பிஎஸ் போயிருக்கிறது. டி டிரைவ் தனி ஹார்ட் டிஸ்க், அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. கரண்ட் வயரை உருவிவிட்டு இடதுபக்கத் தகட்டைக் கழற்றுங்கள். இரண்டே திருகுதான், கையாலேயே வரும். கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியிலிருந்து அகலமான பிளக் ஒன்று மதர்போர்டுக்குப் போகும், அதைப் பிடுங்குங்கள். அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஜெம் கிளிப்பை வளைத்து ஒரு முனையைப் பச்சை வயரின் துளையிலும் மறுமுனையைப் பக்கத்துக் கறுப்பு வயரின் துளையிலும் வையுங்கள். பிறகு கரண்ட் கொடுங்கள். பெட்டியின் விசிறி சுற்றவில்லை என்றால் அதன் கதை முடிந்தது. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் திறந்துவிடாதீர்கள், உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும்.

புதிதாக வாங்கும்போது அதே கம்பெனியில் 550 வாட், பெரிய சைஸ் என்று கேளுங்கள். போர்டின் மேல் மூலைக்குப் போகிற பிளக்கில் எட்டு ஊசி இருக்க வேண்டும், நாலு மட்டும் இருந்தால் வேண்டாம். முக்கியமாக இன்னொன்று. பின்பக்கத் தகட்டுக்குள் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற வயரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டினேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கலைக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையை மட்டும் உருவி, புதியதில் அதே மாதிரித் துளையில் சொருகினால் போதும்.

கிஷோர்


காக்ஸ் டவுன்
8 ஜூலை

கிஷோருக்கு,

கிளிப் வைத்தேன், சுற்றவில்லை. நம்பாமல் மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் சுற்றவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. செத்தது பெட்டிதான், என் பாடங்கள் இல்லை.

மறுநாளே கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் சாமிநாதன் என்று ஒருவர். கன்னடத்தில் ஆரம்பித்து, என் கையில் இருந்த உங்கள் தமிழ்க் கடிதத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். குரல் ஒத்துழைக்காததால் கடிதத்தையே நீட்டிவிட்டேன். ஒவ்வொன்றாகப் படித்து, எழுதினவர் யார் என்று கேட்டார். எங்கள் மாப்பிள்ளை என்று வாயில் வந்துவிட்டது. திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

கம்பெனி அதேதான். பழைய மாடல் நின்றுபோய் இப்போது புது மாடலாம். 550 வாட், எட்டு ஊசி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அவர் ஒன்று சொன்னார்: "பழைய வயர் ஒண்ணு கூட வெச்சுக்காதீங்கம்மா. டப்பாக்குள்ள இருக்கிறதையே போடுங்க." நீங்கள் கலைக்காதே என்கிறீர்கள், அவர் பழையது வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறீர்கள், கத்தரிக்கோல் வைக்க மனசு வரவில்லை. ஆனாலும் உங்கள் பதில் வரும்வரை எதையும் தொடப்போவதில்லை.

பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்து என்ன இது என்று கேட்டாள் தீபிகா. தூசி தட்டுகிறேன் என்றேன். சீக்கிரம் எழுதுங்கள். காலண்டரைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நாள் போகிறது.

சொர்ணம்


கோயம்புத்தூர்
11 ஜூலை

அன்புள்ள அத்தைக்கு,

கடைக்காரர்கள் வருகிற எல்லோரிடமும் பாடுகிற பாட்டுதான் அது. அவருக்கு நம் மெஷினைத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரே கம்பெனி, ஒரே பிளக், ஒரே துளை. துளையில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தால் அது அந்தத் துளைக்கானதுதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இதுவரை பதினைந்து மெஷின் கட்டியிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மதர்போர்டுக்குப் போகிற வயர்கள் புதுப் பெட்டியோடு ஒட்டியே வரும். ஹார்ட் டிஸ்க் வயர் மட்டும் என்னுடையதே இருக்கட்டும். தைரியமாகச் செய்யுங்கள்.

தீபிகா இன்னும் காலையில் சாப்பிடாமல்தான் கிளம்புகிறாளா?

கிஷோர்


காக்ஸ் டவுன்
14 ஜூலை

கிஷோருக்கு,

என்னவோ தப்பு செய்துவிட்டேன். என்ன தப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. இன்று தீபிகா ஆபீஸ் போனதும் உட்கார்ந்தேன். பழைய பெட்டியை எடுத்தேன், புதியதை வைத்துத் திருகினேன். அகலமான பிளக், எட்டு ஊசி, எல்லாம் அது அதன் இடத்தில் வைத்தேன். பின்பக்க வயரைத் தொடவில்லை, முனையை மட்டும் நீங்கள் சொன்னபடி சொருகினேன். நன்றாகத்தான் உட்கார்ந்தது. சாமி கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினேன். உள்ளே "டப்" என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, உடனே எல்லாம் நின்றுவிட்டது. ரப்பர் எரிகிற வாசனை வந்தது. மறுபடி அழுத்தினால் ஒரு நொடி துடித்துவிட்டு நின்றுவிடுகிறது.

கடைசியில் ஒன்றும் தோன்றாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அந்த வயரைப் பிடுங்கிவிட்டு அழுத்திப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஜம்மென்று வந்துவிட்டது. திரை, மவுஸ், சி டிரைவ் எல்லாம் இருக்கிறது. டி மட்டும் இல்லை. வயரை மாட்டினால் மறுபடி கம்ப்யூட்டரே எழுந்திருப்பதில்லை. டிஸ்க்கை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அந்த வாசனை அதிலிருந்துதான் வருகிறது.

என் விரலில் ஈரம் இருந்ததோ? அழுத்திச் சொருகியது தப்போ? சாமிநாதன் கொடுத்த புது வயர்கள் டப்பாவில் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன, அதை மாட்டிப் பார்க்கவா? பயமாக இருக்கிறது, நான் இனி எதையும் தொடமாட்டேன். இரண்டரை வருஷத்துப் பேச்சு, கிஷோர். இனி அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன்?

சொர்ணம்


கோயம்புத்தூர்
17 ஜூலை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையில் தப்பு ஒன்றுமில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ஏழு வயசாகிறது. சாதாரணமாக ஐந்து வருஷம்தான் கணக்கு. அன்று கரண்ட் போய்ப் போய் வந்ததிலேயே பலவீனமாகியிருக்கும், இப்போது போய்விட்டது. சில சமயம் இப்படி ஆகும். மிகவும் வருந்துகிறேன். அவசரமாக வெளியூர் கிளம்புகிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கிஷோர்


காக்ஸ் டவுன்
20 ஜூலை

கிஷோருக்கு,

ஏழு வயசு. சரி. யார் மேலும் தப்பில்லை என்றால் மனசு ஆறவேண்டும் அல்லவா, ஆறவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். சங்கத்துக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக ஒரே கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

நேற்று தீபிகாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புத்தகத்துக்குள் வைத்திருந்த உங்கள் கவரைப் பார்த்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "டப்பாவுல வந்த வயரைப் போட்டியா, பழசையே போட்டியா?" பழசுதான், கிஷோர் அதைத்தான் போடச் சொன்னார் என்றேன். டப்பாவில் இருந்த தாளை எடுத்துப் படித்தாள். பிறகு, அதனால்தான் டிஸ்க் போயிருக்கும் என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன், இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்து.

"அன்னைக்கும் நீ இதையேதான் சொன்னேம்மா" என்றாள்.

அன்றைக்கு என்றால் எது என்று உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர் வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவளிடம் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். சொல்லவே இல்லை என்று அவள் சொன்னாள். பதினோரு மாதம் இந்த வீட்டில் அந்த ஒரே சண்டைதான் நடந்தது. ஆபீஸ் நினைப்பில் காதில் வாங்கியிருக்கமாட்டாய் என்று நான் அவளைத்தான் திட்டினேன். அவளைவிட்டுப் போனதற்காகத்தான் உங்கள் மேல் கோபமே தவிர, உங்கள் பேச்சை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. நேற்றும் உங்களுக்காகத்தான் என் பெண்ணிடம் வாதாடினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த டிஸ்க்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வருகிற ஞாயிறு எலெக்ட்ரானிக் குப்பை எடுக்கிற வண்டி எங்கள் தெருவுக்கு வருகிறது. போட்டுவிடப் போகிறேன்.

சொர்ணம்


கோயம்புத்தூர்
23 ஜூலை

அத்தை,

இன்று காலை உங்களுக்கு இரண்டு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள் என்று மெசேஜ் மட்டும் அனுப்பியிருக்கிறேன். மீதியை மெசேஜில் எழுத முடியாது.

தீபிகா சொன்னதுதான் சரி. வயர்தான் காரணம், அதைப் போடச் சொன்னவன் நான். ஒரே கம்பெனியாக இருந்தாலும் மாடலுக்கு மாடல் உள்ளே கரண்ட் வருகிற ஊசியின் வரிசையை மாற்றுவார்கள். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றமாட்டார்கள், அதனால் எது வேண்டுமானாலும் எதிலும் உட்காரும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருக்கிறது. சாமிநாதன் சரியாகத்தான் சொன்னார். நீங்கள் என்னிடம் கேட்கவும் செய்தீர்கள். நான் கட்டிய கட்டு கலையக் கூடாது என்ற கர்வத்தில்தான் அப்படி எழுதினேன்.

"டப்" என்று சத்தம் வந்தது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் ஏழு வயசு என்று எழுதினேன். வெளியூருக்கும் போகவில்லை. அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டு எழுதியிருந்தால் எப்படியாவது தாங்கியிருப்பேன். எனக்காக அவளிடம் வாதாடியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு உட்கார முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் வேலையைப் பற்றி நான் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வேண்டாம் என்பாளோ என்று பயந்தேன். கையெழுத்துப் போட்டபிறகு அவள் கேட்டபோது, அன்றைக்கே சொன்னேனே என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த நாள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். நீங்கள் என் பக்கம் பேசினீர்கள், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

டிஸ்க்குக்கு ஒரு வழி இருக்கிறது, நிச்சயம் என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன். அதன் அடியில் சின்ன பச்சை போர்டு இருக்கும். வயர் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் மிளகு சைஸில் கறுப்பாக ஒன்றோ இரண்டோ இருக்கும். அதிக வோல்ட் வந்தால் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அது எரிந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். போர்டு வேலை தெரிந்த யாரிடமாவது கொடுத்து அதை எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் திறக்க விடாதீர்கள். பிறகு டப்பாவில் இருக்கும் புது வயரை மாட்டி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட வேண்டும். நான் சொல்வதை அவர்களிடம் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கிஷோர்


காக்ஸ் டவுன்
30 ஜூலை

கிஷோருக்கு,

உங்கள் கடிதத்தைப் பாதி படித்ததும் மடித்து வைத்துவிட்டு, கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினேன். அவ்வளவு கோபம். எழுதிக் கேட்டேனே, யார் பேச்சைக் கேட்பது என்று. பிறகு மீதியையும் படித்தேன்.

முதலில் பாடங்கள். லிங்கராஜபுரத்தில் சிந்தியா என்று ஒரு பெண், டிவி, லேப்டாப் போர்டுகளை எல்லாம் பழுது பார்ப்பவள். நீங்கள் எழுதியதைக் காட்டினேன். கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, எழுதியிருக்கிறது சரிதான் என்றாள். ஐந்து நிமிஷத்தில் அந்த மிளகை எடுத்துவிட்டாள். புது வயர் மாட்டியதும் டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. நான் அவள் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக நகலாகிக்கொண்டே வந்தது. எழுபத்தொன்று முடிந்ததும் கரகரவென்று ஒரு சத்தம் வந்து டிஸ்க் நின்றது, அதற்குப்பிறகு எழுந்திருக்கவில்லை. இருபத்தைந்து பாடம் போனது போனதுதான். ஆஸ்பத்திரியில் பேசுவது, பேங்கில் பேசுவது, வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டால் சண்டை போடுவது எல்லாம் அதில் இருந்தன.

அன்று சாயங்காலம் தீபிகா ஆபீஸிலிருந்து வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் சொல்லமாட்டேன் என்று பயமாக இருந்தது. "கோயம்புத்தூர் வேலையைப் பத்தி அவர் உன்கிட்ட சொல்லலை. நீ சொன்னதுதான் நிஜம். நான்தான் உன்னை நம்பலை. தப்பு என்னுது" என்றேன். இவ்வளவையும் சொல்வதற்கு நடுவில் மூன்று தடவை மூச்சு வாங்கினேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. அப்படியே செருப்பு ஸ்டாண்டு மேல் உட்கார்ந்து அழுதாள். கல்யாணம் முறிந்தபோதுகூட இந்தப் பெண் இப்படி அழுததில்லை. "நானேதான் மறந்துட்டேனோன்னு இருந்தது. ரெண்டு வருஷமா எது நடந்தாலும் எழுதி வெச்சுக்கறேம்மா. என் ஞாபகத்தை என்னாலயே நம்ப முடியலை" என்றாள். அவள் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும், ஆபீஸ் வேலைக்கு என்று நினைத்திருந்தேன். எத்தனை நாள் அதை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் என் பாட நோட்டை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். விட்டுப்போன இருபத்தைந்தையும் அவள்தான் பேசிக்கொண்டிருக்கிறாள், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கன்னடம் என்னைவிட நன்றாக வருகிறது. தமிழில் விளக்குவதில்தான் அவசரப்படுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கினால் நிதானிக்கிறாள். இன்று எண்பத்தெட்டு. நாளைக்குள் முடித்துவிடுவோம். எழுபத்தொன்று வரை ஒரு குரலும் அதற்குமேல் வேறு குரலுமாக இருக்கிறதே என்று சங்கத்தில் கேட்டால், கேட்கட்டும்.

வயர் விஷயத்தை மன்னித்துவிட்டேன். அது எனக்குச் செய்த தப்பு, மன்னிக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது. மற்றது அப்படியில்லை. அதை எதற்காக எனக்கு எழுதினீர்கள்? நீங்கள் செய்ததை என் வாயால் சொல்லி, என் தப்புக்கு மட்டும்தான் என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது. உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, காட்டப்போவதும் இல்லை.

அவள் திரும்பி வருவாள் என்று நினைத்து எழுதாதீர்கள். வரமாட்டாள். நான் கேட்கத் தொடங்கும்போதே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள், அதில் யோசனையே இல்லை. பதில்கூடப் போடமாட்டாள். அப்படியும் எழுதுங்கள். "நான் சொல்லவில்லை, நீ மறக்கவில்லை" என்று உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி போதும். அந்த நோட்டை அவள் மூடி வைக்க வேண்டும்.

கவர் மேல் அவள் பெயரை எழுதுங்கள்.

சொர்ணம்